வெட்டப்படாத ஓரம்

லெம்பே நீரிணையின் அடியில் பவளம் தேடாதீர்கள்.
கறுப்பு மணல், எரிமலை துப்பியது.
அதில் தயிர்க் கோப்பை, ஒற்றைச் செருப்பு,
செருப்புக்குள் ஓர் ஆக்டோபஸ்.
அதைக் காட்டத்தான் எனக்குச் சம்பளம்.

நோவ்ரி என் பெயர். கையில் ஓர் எஃகுக் குச்சி.
குச்சி சுட்டும் இடத்தில்
விருந்தாளிகளின் கண் விழும், பிறகு கேமரா.

அந்த ஆகஸ்டில் ஒரே படகில் இருவர்.
ரோஸ்டாக்கிலிருந்து டெட்லெஃப், ஃபிலிம்காரர்.
முழுக்குக்கு முப்பத்தாறு படம்;
தண்ணீருக்குள் சுருள் மாற்ற முடியாது.
பூசானிலிருந்து பல்மருத்துவர் யூன், டிஜிட்டல்.
நானூறு எடுப்பார். எடுத்ததும்
மீனை விட்டுவிட்டு
பின்பக்கத் திரையில் மீனைப் பார்ப்பார்.

மதியச் சோற்றில் வழக்கு நடக்கும்.
எண்ணி எடுப்பவன்தான் பார்க்கிறான் என்பார் இவர்.
வெளிச்சம் தப்பினால் அங்கேயே திருத்துவேன்,
ஊருக்குப் போய் அழமாட்டேன் என்பார் அவர்.
நான் மிளகாய்க் கிண்ணத்தை
நடுவில் நகர்த்தி வைப்பேன்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
எண்ணி எடுப்பவர் நீருக்கடியில் விரலைச் சுழற்றுவார்,
தவளைமீனைக் கொஞ்சம் திருப்பு, முகம் இந்தப் பக்கம்.
ஒரு படமும் வீணாகக் கூடாதே.
எண்ணாதவர் கடற்குதிரையின் முகத்தில்
நாற்பது முறை ஃபிளாஷ் அடிப்பார்.
அது வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு
முதுகைக் காட்டிவிடும்.
சிக்கனம் ஒரு விதமாக வதைக்கும்,
தாராளம் வேறு விதமாக.
திருப்பியது யார் கை என்றால், என் கை.

கடைசி நாள் இருவருமே பழையதொன்றைத் தருவதாகச் சொன்னார்கள்.
டெட்லெஃபின் கேமரா ஆரஞ்சு நிறம், கல் மாதிரி கனம்,
முப்பது வருடம் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை.
ஆனால் சுருள் கழுவ ஜகார்த்தாவுக்கு அனுப்பவேண்டும்.
போக வர, கழுவ, ஒரு மூட்டை அரிசி.
யூனுடையதை வாங்கிக்கொண்டேன்.
டெட்லெஃப் தன்னுடையதைத்
துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்,
மெதுவாக, முதுகு எங்கள் பக்கம்.

ரப்பர் வளையத்தில் ஒரு முடி போதும்,
கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அதனால் ராத்திரி மெய்ஸ்கே டார்ச் பிடிக்க,
நான் பஞ்சால் துடைத்துப் பசை தடவுவேன்.
அவள் இந்த நீரில் கால் வைப்பதில்லை.
அவளுடைய அண்ணன் யாஃபெட்டை
நீரிணை திருப்பித் தரவில்லை.
திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்,
நத்தை, இறால், சேற்றில் ஒரு கண்.
"இங்கேயா?" என்றாள்.
"இங்கேதான்."
வேறு ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கு.

யூன் ஒரு படம் அனுப்பியிருந்தார்.
தவளைமீன் கொட்டாவி விடுகிறது,
பரிசு வாங்கிய கொட்டாவி.
என் குச்சி இருந்த இடத்தில்
மணல். நல்ல மணல்தான்,
யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ரோஸ்டாக்கிலிருந்து ஓர் உறை.
உள்ளே ஒரே ஒரு ஸ்லைடு,
அட்டைச் சட்டத்தில் பென்சிலால் 22, நோவ்ரி.
மெய்ஸ்கே அதை அடுப்படி ஜன்னலில்
வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.
மீன் சற்றுக் கலங்கல்.
வலது ஓரத்தில் குச்சி, கிழிந்த கையுறை, இரண்டு விரல்.
மீனைத் திருப்பியபோது சிப்பி கீறியது ஞாபகம் வந்தது.
விரலிலிருந்து ஒரு நூல் ரத்தம் எழும்புகிறது,
ஃபிளாஷ் எட்டாத ஓரம் அது,
பச்சையாக.

வெட்ட மனமில்லையோ,
ஸ்லைடில் வெட்ட வழியில்லையோ,
டெட்லெஃப் எழுதவில்லை.

"கீழே ரத்தம் பச்சையா?"
"ஆமாம். இருபது மீட்டரில் சிவப்பு வராது."
அவள் ஸ்லைடை இறக்கவில்லை.
"யாஃபெட்டுக்கும்?"

மேசையில் பேட்டரி ஏறிக்கொண்டிருந்தது.
விடிந்தால் ஆறு பேர் வருகிறார்கள்,
எல்லாரும் டிஜிட்டல்.